ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தால்: முதல் பரிசோதனை முதல் நீண்டகாலக் கண்காணிப்பு வரை

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தங்களிடம் இருப்பதைப் பெரும்பாலானோர் தற்செயலாகத்தான் அறிகிறார்கள். ரத்த தானம் செய்யப் போனபோது, கர்ப்பகாலத்தின் முதல் பரிசோதனையில், வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுத்த ரத்தத்தில், வேலைக்கான மருத்துவச் சான்றிதழில் 'ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்', அதாவது வைரஸ் உடலில் இருக்கிறது, என்று ஒரு வரி வந்து நிற்கும். உடம்பிலோ ஒரு குறையும் தெரியாது. சிலர் அன்றிரவே கல்லீரல் புற்றுநோய் வரை படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வேறு சிலர் ஓரிரு வாரம் கவலைப்படுகிறார்கள், ஒரு மருத்துவரைப் பார்க்கிறார்கள்; "இப்போது மருந்து தேவையில்லை" என்று அவர் சொன்னதை "எனக்கு ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பயந்தவர் எப்படியும் மறுபடியும் மருத்துவமனைக்குப் போவார். நிம்மதியடைந்தவர் பல ஆண்டுகள் கழித்து, வயிறு வீங்கிய பிறகுதான் போவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் உலகம் முழுவதும் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். பெரும்பாலும் கல்லீரல் சுருக்கத்தாலும் (சிரோசிஸ்) கல்லீரல் புற்றுநோயாலும். தொற்று உள்ளவர்களில் அது தமக்கு இருப்பதை அறிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம்தான். சிகிச்சை பெற்றவர்கள் 3 சதவீத அளவில் நின்றார்கள். தடுப்பூசியும் மருந்தும் கைவசம் உள்ள ஒரு நோய்க்கு இந்தக் கணக்கு மிகவும் மோசமானது. ஆகவே கையில் பரிசோதனை முடிவு இருக்கிறது என்றால், அது எவ்வளவு கசப்பாக இருந்தாலும், நீங்கள் ஏற்கெனவே பெரும்பாலானோரைவிட ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள்.

உள்ளே நடப்பது என்ன

இந்த வைரஸ் கல்லீரல் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. ஆனால் அந்தச் செல்களை அது நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்களை அழிக்க நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் நடத்தும் தாக்குதல்தான் கல்லீரலைப் புண்ணாக்குகிறது. எதிர்ப்பு மண்டலம் வலுவாகவும் விரைவாகவும் தாக்கினால் மஞ்சள் காமாலை வரும், உடம்பு படுத்தும், பிறகு வைரஸ் ஒடுங்கிவிடும். தாக்குதல் அரைகுறையாக ஆண்டுக்கணக்கில் நீடித்தால், புண்ணும் தழும்புமாகக் கல்லீரல் மெல்ல இறுகிச் சுருங்கும்.

இதனால்தான் தொற்று ஏற்படும் வயது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறக்கும்போது தொற்றிக்கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வயது வந்த பிறகு தொற்றினால் அப்படித் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அறிகுறிகளின் கணக்கு நேர்மாறாக ஓடுகிறது. பெரியவர்களுக்குச் சோர்வு, குமட்டல், மூட்டுவலி, அடர்நிறச் சிறுநீர், கண் மஞ்சளாதல் என்று நோய் தன்னை அறிவிக்கும். பச்சிளங்குழந்தைக்கு எதுவுமே தெரியாது. நோய் வந்ததே தெரியாதவரிடம்தான் அது தங்குகிறது.

1960களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் ரத்தத்தில் ஒரு வினோதமான புரதத்தைக் கண்டார். அவர் தேடியது கல்லீரல் நோயை அல்ல; மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைத்தான். அந்தப் புரதம் இந்த வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது; அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதிதான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம். உங்கள் பரிசோதனை முடிவில் 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்று அச்சாகியிருப்பது அதே மேலுறைப் புரதம்தான்.

முதல் படி: ஒரு பரிசோதனையோடு முடிவு கட்டாதீர்கள்

ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். புதிதாக வந்ததா, பல ஆண்டுகளாக இருப்பதா, கல்லீரலைக் கெடுக்கிறதா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. அபூர்வமாக, தடுப்பூசி போட்ட அடுத்த ஓரிரு வாரங்களில் சோதித்தாலும் இது பாசிட்டிவ் காட்டும். காரணம், ஊசியில் இருப்பதே அந்த மேலுறைப் புரதம்தான். சமீபத்தில் ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹெச்பிஎஸ்ஏஜியோடு இன்னும் இரண்டு சோதனைகள் சேர வேண்டும். ஒன்று ஆன்டி ஹெச்பிஎஸ். மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது பாதுகாப்பு. மற்றொன்று ஆன்டி ஹெச்பிசி. வைரஸின் உள்மையப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள். இது உண்மையான தொற்றுக்குப் பிறகு மட்டுமே உருவாகும், தடுப்பூசியால் உருவாகாது. மூன்றையும் சேர்த்து வாசிக்கும் முறை இதுதான்:

மூன்றும் நெகட்டிவ் என்றால் வைரஸும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தடுப்பூசி போட வேண்டும்.

ஆன்டி ஹெச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமானது.

ஆன்டி ஹெச்பிஎஸ், ஆன்டி ஹெச்பிசி இரண்டும் பாசிட்டிவ், ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்து உடல் அதை வென்றிருக்கிறது. இவர்கள் மற்றவர்களுக்குப் பரப்புவதில்லை. ஆனாலும் வைரஸ் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஹெச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி ஹெச்பிசியும் பாசிட்டிவ் என்றால் இப்போது தொற்று இருக்கிறது. ஆன்டி ஹெச்பிசியில் ஐஜிஎம் என்ற வகை பாசிட்டிவாக வந்தால் பெரும்பாலும் அது புதிய தொற்று. சில சமயம் பழைய தொற்றின் திடீர் எழுச்சியிலும் வரும். சந்தேகமிருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். ஆறு மாதத்தைத் தாண்டியும் ஹெச்பிஎஸ்ஏஜி நீடித்தால் அது நாள்பட்ட தொற்று.

ஆன்டி ஹெச்பிசி மட்டும் பாசிட்டிவாக இருப்பதுதான் குழப்பமானது. பழைய தொற்றில் பாதுகாப்பின் அளவு தேய்ந்துபோனதாக இருக்கலாம், தவறான முடிவாக இருக்கலாம், வைரஸ் மிகக் குறைந்த அளவில் மறைந்திருக்கலாம். இதை நீங்களாக அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

புதிய தொற்று என்று உறுதியானால், பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு ஓய்வும் கண்காணிப்பும் போதும், தானாகவே சரியாகிவிடும். மிகச் சிலருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கக்கூடும். மஞ்சள் காமாலையோடு மனக்குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ரத்தக்கசிவு ஆகியவை சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

இரண்டாம் படி: வைரஸ் எவ்வளவு, சேதம் எவ்வளவு

நாள்பட்ட தொற்று என்றானபின் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது? இவை இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டும் என்பதில்லை. பிறப்பிலேயே தொற்றிக்கொண்ட ஓர் இளைஞருக்கு வைரஸ் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருந்தும் கல்லீரல் பழுதின்றி இருக்கலாம். வைரஸ் குறைவாக உள்ள நடுத்தர வயதுக்காரருக்கு ஏற்கெனவே சுருக்கம் தொடங்கியிருக்கலாம்.

முதல் கேள்விக்கு ஹெச்பிவி டிஎன்ஏ என்ற வைரஸ் அளவுப் பரிசோதனையும் ஹெச்பிஇஏஜி என்ற பரிசோதனையும் விடை சொல்கின்றன. ஹெச்பிஇஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் சுறுசுறுப்பாகப் பெருகுகிறது, தொற்றும் தன்மையும் அதிகம். ஆனால் அது நெகட்டிவ் ஆனதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. வைரஸின் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்களால், ஹெச்பிஇஏஜி உருவாகாமலேயே அது தொடர்ந்து பெருகும் வகையும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு கல்லீரல் செல்கள் கெடும்போது ரத்தத்தில் கசியும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று அல்ட்ராசவுண்ட், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். முந்தைய காலம்போல எல்லோருக்கும் ஊசி குத்திக் கல்லீரல் திசு எடுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. ஃபைப்ரோஸ்கேன் கிடைக்காத இடத்தில், ஏஎஸ்டியையும் தட்டணுக்களையும் கொண்டு ஏபிஆர்ஐ என்ற ஒரு கணக்குப் போட்டே தழும்பின் அளவை ஓரளவு மதிப்பிடலாம்.

ஏஎல்டி பற்றி ஒரு வார்த்தை. பல ஆய்வகங்கள் 40 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஹெபடைடிஸ் பி வழிகாட்டுதல் அந்த வரம்பை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வைத்திருக்கிறது. ஆகவே 36 என்ற முடிவின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்பதற்காக அது நல்ல முடிவு ஆகிவிடாது. அதேபோல ஒரே ஒரு முறை இயல்பாக வந்த ஏஎல்டியை நம்பி உட்காரவும் கூடாது. இந்த நோயில் அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்.

இவற்றோடு ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி, ஹெபடைடிஸ் டி ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் டி வைரஸுக்குத் தனியாக வாழத் தெரியாது. பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் பரவும். இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் கெடும் வேகம் மிகவும் கூடும்.

மூன்றாம் படி: உடன் வாழ்பவர்கள்

இந்தப் படியைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சொல்லக் கூச்சம், எப்படி வந்தது என்று கேட்பார்களோ என்ற அச்சம். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் மிகப் பலர் அதைப் பிறந்த நேரத்திலோ சிறு வயதிலோ பெற்றவர்கள் என்பதை முதலில் நீங்கள் நம்புங்கள். பிறகு சொல்வது எளிதாகும். தாய், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகிய எல்லோரும் மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் தெரியாமலே இருக்க வாய்ப்பு உண்டு.

வைரஸ் பரவும் வழிகள் மூன்று: பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, ரத்தத்தின் வழியாக, பாதுகாப்பற்ற உடலுறவின் வழியாக. உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் இது குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை அளக்கும் ஊசி ஆகியவற்றைப் பகிரக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். பச்சை குத்தும் ஊசியும் காது குத்தும் ஊசியும் கிருமி நீக்கப்பட்டவையா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால், ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

பரவாத வழிகளை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, குடிநீராலோ, இருமல் தும்மலாலோ, கட்டியணைப்பதாலோ, கை குலுக்குவதாலோ இது பரவாது. தொற்று உள்ளவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது மருத்துவத்துக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லாத கொடுமை. அவர் சமைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், அலுவலகம் போகலாம். அவர் செய்யக்கூடாதது ரத்தம், உறுப்பு, விந்து தானம்.

தொற்றும் இல்லாமல் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும் வீட்டாருக்குத் தடுப்பூசி. பெரியவர்களுக்கு வழக்கமான முறை மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதத்தில் மூன்றாவது. நடுவில் தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு, "நான் போட்டுக்கொண்டேன்" என்று சொல்லிக்கொள்வோரின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

வாழ்க்கைத் துணைக்கும், மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்பிஎஸ் அளவைப் பார்ப்பது நல்லது. அது 10க்குக் கீழே இருந்தால் இன்னொரு சுற்று ஊசி போடுவார்கள். துணைக்குப் பாதுகாப்பு உறுதியாகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். அதன்பிறகு இந்த வைரஸுக்காக இல்லற வாழ்வில் எந்தத் தடையும் இல்லை. தொற்று உள்ளவர் திருமணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

இந்தத் தடுப்பூசியின் திறனுக்குத் தைவானைப் பார்க்கலாம். அங்கே பச்சிளங்குழந்தைகளுக்கு ஊசி போடும் தேசியத் திட்டத்தை 1984இல் தொடங்கினார்கள். சுமார் 10 சதவீதமாக இருந்த குழந்தைகளின் தொற்று விகிதம் பிற்காலத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. புற்றுநோய் ஒன்றை ஊசியால் தடுக்க முடியும் என்று உலகம் முதன்முதலில் கண்டது இப்படித்தான்.

பாதுகாப்பு இல்லாத ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் கணக்கு மணிகளில் ஓடுகிறது. காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் தவணையும் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் பெற வேண்டும். "நாளை பார்ப்போம்" என்பது இங்கே உதவாது.

கர்ப்பிணியாக இருந்தால்

இங்கே தடுக்கக்கூடியது மிகப் பெரிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெச்பிஇஏஜி பாசிட்டிவான தாயிடமிருந்து, எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால், குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம். அப்படித் தொற்றினால் ஏறத்தாழ ஆயுள் முழுக்க நிலைத்துவிடும். சரியாகச் செய்தால் இந்த வாய்ப்பை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவரலாம்.

கர்ப்பம் உறுதியானதும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் வைரஸ் அளவுப் பரிசோதனை. அது ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் ஐயூ (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால், கர்ப்பத்தின் இரண்டாவது மூன்றுமாதக் காலத்திலிருந்து, வைரஸ் பெருகுவதை நிறுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். கர்ப்பகாலத்தில் நீண்ட அனுபவம் உள்ள மருந்து அது. பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் தவணை. அதோடு, கிடைக்குமிடத்தில் முதல் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின். பிரசவ அறையில் எல்லோரும் வேறு பரபரப்பில் இருப்பார்கள். ஆகவே தாய்க்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள், உடன் இருப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மற்றத் தவணைகளும் தவறக்கூடாது.

இந்த வைரஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை மூலம் பிரசவம் செய்யத் தேவையில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று என்றால் தயக்கமே வேண்டாம். குழந்தைக்கு 9 முதல் 12 மாத வயதில் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி ஹெச்பிஎஸ் இரண்டையும் பார்த்தால் தடுப்பு வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தாயின் கல்லீரல் அழற்சி திடீரென எழ வாய்ப்புண்டு. குழந்தையின் ஊசித் தேதிகளுக்கு நடுவே தன் ஏஎல்டி பரிசோதனையையும் தாய் மறக்கக்கூடாது.

நான்காம் படி: மருந்து யாருக்கு, எப்போது

தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்பது நடைமுறை அல்ல. ஆனால் மருந்து தரும் வரம்பு ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்துகொண்டு வருகிறது. பழைய விதிப்படி "உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லப்பட்டவர்கள் இன்று மறுபடியும் கேட்டுப் பார்ப்பது நியாயம். 2024 வழிகாட்டுதலின்படி, கல்லீரலில் குறிப்பிடத்தக்க தழும்பு இருந்தால், அதாவது ஃபைப்ரோஸ்கேன் 7 கிலோபாஸ்கலுக்கு மேல் அல்லது ஏபிஆர்ஐ 0.5க்கு மேல் இருந்தால், வைரஸ் அளவு எதுவானாலும் சிகிச்சை. தழும்பு இல்லாவிட்டாலும் வைரஸ் அளவு 2,000க்கு மேலும் ஏஎல்டி வரம்புக்கு மேலும் இருந்தால் சிகிச்சை. ஹெச்ஐவி, சி அல்லது டி தொற்று உடனிருப்பது, குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ சுருக்கமோ இருந்தது, நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவையும் சிகிச்சையின் பக்கம் தள்ளும் காரணங்கள்.

தினமும் ஒரு மாத்திரையாக இன்று முதன்மையாகத் தரப்படுபவை டெனோஃபோவிரும் என்டெகாவிரும். இவற்றுக்கு எதிராக வைரஸ் தாக்குப்பிடிக்கும் திறன் பெறுவது அரிது. பழைய லாமிவுடினுக்கு எதிராக அது எளிதில் நடந்ததால், இப்போது அதைத் தனியாகத் தருவது பொதுவாகக் கைவிடப்பட்டுவிட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு வாரம் ஒருமுறை பெக்இன்டர்ஃபெரான் ஊசி 48 வாரங்கள் தருவார்கள். பக்கவிளைவுகள் அதிகம், ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு.

மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு தேதி இல்லை. இந்த வைரஸ் தன் டிஎன்ஏவை ஒரு மூடிய வட்டமாகக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் சேமித்து வைத்துவிடுகிறது. மாத்திரை வைரஸ் பெருகுவதை நிறுத்தும். அந்தச் சேமிப்பைத் தொட முடியாது. கோரையை மேலே அறுத்துக்கொண்டே இருக்கலாம், கிழங்கு மண்ணுக்குள்தான் கிடக்கும். வைரஸ் அளவு 'கண்டறிய முடியவில்லை' என்று வந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு, சில மாதங்களில் கடுமையான கல்லீரல் அழற்சி எழுந்து உயிருக்கே ஆபத்தான நிலை வந்ததுண்டு. நிறுத்துவது என்ற முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும்; நிறுத்திய பிறகும் நெருங்கிய கண்காணிப்பு வேண்டும்.

என்டெகாவிரை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்; சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு. படுக்கப்போகும் நேரம் பலருக்கு ஒத்துவரும். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் நீண்டகாலத்தில் சிலரின் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம். ஆகவே கிரியாட்டினின் பரிசோதனை அவ்வப்போது தேவை. பிரச்சினை இருந்தால் டெனோஃபோவிர் அலாஃபெனமைடுக்கோ என்டெகாவிருக்கோ மாற்றுவார்கள். ஊருக்குப் போகும்போது இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை தீர்ந்துபோவதும் மாத்திரையை நிறுத்துவதும் கல்லீரலுக்கு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

மருந்து வேண்டாதவர்களுக்குக் கண்காணிப்புதான் சிகிச்சை. ஏஎல்டியும் வைரஸ் அளவும் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நிலை மாறிக்கொண்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நோய் பல ஆண்டுகள் உறங்கிவிட்டுத் திடீரென விழித்துக்கொள்ளும் இயல்புடையது. விழித்த அன்று உடம்பு எதுவும் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

புற்றுநோய்க்கான கண்காணிப்பு இதிலிருந்து தனி. கல்லீரல் சுருக்கம் உள்ள எல்லோரும், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்களும், ஆசிய வம்சாவளியினரில் 40 வயதைத் தாண்டிய ஆண்களும் 50 வயதைத் தாண்டிய பெண்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் சேரும். ஹெபடைடிஸ் பியில் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரக்கூடும். மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வெட்டியெடுக்கலாம், சுட்டு அழிக்கலாம், மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். வலி வந்த பிறகு கண்டுபிடித்தால் இந்த வாய்ப்புகள் பெரும்பாலும் கைநழுவியிருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, ஏஎல்டி, வைரஸ் அளவு, தட்டணுக்கள், ஸ்கேன் முடிவு, ஃபைப்ரோஸ்கேன் எண். மருத்துவர் மாறலாம், மருத்துவமனை மாறலாம், கோப்பு தொலையலாம். ஐந்து ஆண்டு எண்களை ஒரே பக்கத்தில் பார்க்கும் மருத்துவர் எடுக்கும் முடிவு, இன்றைய ஒரு முடிவை மட்டும் பார்ப்பவரின் முடிவைவிட நிச்சயம் மேலானது. தட்டணுக்கள் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறைந்துகொண்டு போவது, ஒவ்வொரு முறையும் வரம்புக்குள் இருந்தாலும், வரிசையாகப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

அன்றாடத்தில் கல்லீரலைக் காப்பது

மதுவை விட்டுவிடுங்கள். 'அளவோடு' என்ற பேச்சுக்கு இந்த நோயில் இடமில்லை. வைரஸும் மதுவும் சேர்ந்து கல்லீரலைச் சுருக்கும் வேகம் தனித்தனியாக இருப்பதைவிட அதிகம். புகைப்பதும் அப்படியே. உடல் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது இரண்டாவது பெரிய வேலை. வைரஸ் அடங்கியிருக்கும் பலருக்கு இன்று கல்லீரலைக் கெடுப்பது கொழுப்புதான்.

உணவில் சிறப்புப் பத்தியம் எதுவும் இல்லை. சுருக்கம் முற்றிய நிலையில் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போதும் புரதத்தைக் குறைக்கக்கூடாது. உடல் தசை கரைவது அந்நிலையில் பெரிய ஆபத்து. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: பூஞ்சை பிடித்த கடலை, சோளம் போன்றவற்றை உண்ணாதீர்கள். அவற்றில் உருவாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பைப் பல மடங்கு பெருக்குகிறது. கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது.

'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' பொடிகளும் கஷாயங்களும் எல்லா இடத்திலும் விற்கப்படுகின்றன. இந்த வைரஸை ஒழிப்பதாக நிரூபிக்கப்பட்ட மூலிகை இதுவரை இல்லை. கல்லீரலைக் காயப்படுத்தும் மூலிகைகள் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அவற்றை நம்பி மருந்தையும் பரிசோதனையையும் கைவிடும் காலம். வலிக்குப் பாரசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பானது. கல்லீரல் சுருக்கம் இருந்தால் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகளைச் சுருக்கம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ பாதுகாப்பு இல்லாவிட்டால் அந்த ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். பழுதுபட்ட கல்லீரலின் மேல் இன்னொரு வைரஸ் வந்து விழ வேண்டாம்.

வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் சொல்ல வேண்டியது

வைரஸ் முற்றிலும் ஒழிவதில்லை என்று முன்பு சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சைகள், குறிப்பாக ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள், புற்றுநோய்க்கான கீமோதெரபி, நீண்டநாள் ஸ்டீராய்டு, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரப்படும் மருந்துகள் ஆகியவை உறங்கும் வைரஸை எழுப்பிவிடும். எப்போதோ வந்து குணமாகிவிட்டது என்று நம்பப்படுபவர்களுக்கும் இது நடக்கலாம். ஹெபடைடிஸ் சிக்கான நவீன மாத்திரைகளும் பி வைரஸை எழுப்பக்கூடியவை. தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினால் தவிர்த்துவிடலாம். ஆகவே மூட்டு மருத்துவரோ, தோல் மருத்துவரோ, புற்றுநோய் மருத்துவரோ, புதிய சிகிச்சை தொடங்கும் முன் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி ஹெச்பிசி இரண்டின் முடிவும் அவர் கையில் இருக்க வேண்டும். ஹெச்ஐவி மருந்தை மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. மாற்றப்படும் மருந்தில் டெனோஃபோவிர் இருந்திருந்தால் அது திடீரென நின்றுவிடக்கூடாது.

ரத்த வாந்தி, தார்போன்ற கறுத்த மலம், வயிறு அல்லது கால் வீக்கம், கண் மஞ்சளாதல், பேச்சிலும் நடத்தையிலும் திடீர்க் குழப்பம், பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாக மாறுவது: இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குழப்பத்தில் இருப்பவரால் தன் வரலாற்றைச் சொல்ல முடியாது. அவை எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.